வெள்ளாட்டுக் குட்டிகளுக்குத் திடீரென உண்டாகும் வியாதிகளும் அவற்றின் சிகிச்சையும்

நேற்று மாலை வரையில் துள்ளி விளையாடிய குட்டி இன்று விடியற்காலையில் பட்டியில் கால் நீட்டி மாண்டு கிடப்பதை வெள்ளாடு வளர்ப்போர் பலரும் கண்டிருப்பார்கள். இவ்விதம் மாள்வது பெரும்பாலும் மெலிந்த குட்டியன்று. தாய்ப்பாலை நிரம்பக் குடித்து, மந்தையிலுள்ள மற்றக் குட்டிகளைக் காட்டிலும் கொழுத்து நின்ற குட்டியே முதலில் போகிறது. "நல்ல குட்டி, கண்பட்டுப் போய்விட்டது" என்று சொல்லி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, குடியானவர்கள் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். மறுவாரம் இன்னும் மூன்று குட்டிகள் அதே விதமாக மாண்ட பிறகே கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்வது வழக்கமாக இருக்கிறது. கொழுத்த குட்டி முதலில் சாவதற்குக் கண்ணேறு காரணமன்று. அக்குட்டி தின்ற ஆகாரமே காரணமாகும். அதனை அறிந்துகொண்டால் மாண்ட குட்டியை மீட்க முடியாவிடினும் மீதியுள்ள மந்தையைக் காப்பாற்றலாம். இவ்வியாசம் அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

குட்டி ஒன்று தலை தொங்கி நிற்கிறது, அல்லது கீழே கிடந்து கதறுகிறது என்று தெரிந்த மாத்திரத்தில் கைக்கு அகப்பட்ட கஷாயத்தை அதன் வாயில் ஊற்றுவது நம்மவர் வழக்கம். இது மிகவும் தவறான காரியம். கால் மணி நேரம் பொறுத்து, குட்டியைப் பார்த்து, மேய்த்தவனை விசாரித்த பின்னரே எதையும் கொடுக்க வேண்டும்.

விசாரணையில் முக்கியமானது, நேற்றும் இன்றும் குட்டி எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்பது. மேய்க்கும் பையனை அதட்டிக் கேட்கலாகாது. அதட்டினால், சோளக் கொல்லையில் ஆடு புகுந்ததை அவன் ஒருபோதும் சொல்ல மாட்டான். அவன் சொல்லாத அந்த ஒரு விஷயத்திலேயே குட்டியின் உயிர் அடங்கியிருக்கும். களத்தில் தானியம் கொட்டிக் கிடந்ததா, வீட்டில் விருந்து நடந்து மிஞ்சிய சோறு வைக்கப்பட்டதா, மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லில் முதன்முதலாக விடப்பட்டதா, சந்தையிலிருந்து புதிய ஆடு வாங்கி வந்து பட்டியில் சேர்க்கப்பட்டதா என்ற நான்கு கேள்விகளையும் தவறாமல் கேட்க வேண்டும்.

பிறகு குட்டியைப் பரிசோதிக்கலாம். மலத்துவாரத்தில் உஷ்ணமானியை இரண்டு நிமிஷம் வைத்துப் பார்த்தால், சுகமாயுள்ள வெள்ளாட்டிற்குச் சுமார் 101.5 முதல் 103.5 டிகிரி வரையில் உஷ்ணம் இருக்கும். வெயிலில் ஓடி வந்த குட்டிக்கு இதற்குச் சற்று அதிகமாயிருப்பதைக் கொண்டு காய்ச்சல் என்று முடிவு செய்துவிடலாகாது. நிழலில் கட்டி, அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 105-க்கு மேற்பட்டால் தொத்து வியாதியைச் சந்தேகிக்க வேண்டியது. 100-க்குக் கீழே இறங்கினால் குட்டி குளிர்ந்து வருகிறதென்று அறியலாம். உஷ்ணமானி இல்லாதவர்கள் சுண்டுவிரலைச் சுத்தமாகக் கழுவிக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்க்கட்டும். வாய் குளிர்ந்திருக்குமானால் அபாயம் நெருங்கிவிட்டதென்பது நிச்சயம்.

கண்ணின் கீழிமையை மெதுவாக விலக்கி அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருப்பது இயற்கை. வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்துவிட்டதென்றும், அசாதாரணமாக மிகச் சிவந்திருந்தால் பயிர் விஷம் என்றும் சந்தேகிக்கலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் மேடாகியிருக்கிறதா என்பதையும் வாலடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால் பரிசோதனை முடிந்தது. இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்துடன் குறித்து வைத்துக்கொண்டால், மருத்துவர் வந்து கேட்கும்போது வீட்டிலுள்ள நால்வரும் நான்கு விதமாகச் சொல்ல நேரிடாது.

துள்ளுமாரி

திடீர் மரணங்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது துள்ளுமாரி என்னும் குடல் விஷ நோயே. இதனை உண்டாக்கும் நுண்கிருமி வெளியிலிருந்து புதிதாக வருவதன்று. சுகமாயுள்ள ஆட்டின் குடலிலேயே அது சொற்ப அளவில் எப்போதும் வாசம் செய்கிறது. ஆடு வழக்கமான தழையையும் புல்லையும் தின்று வரும் வரையில் அதனால் தீங்கொன்றும் இல்லை. ஆகாரம் திடீரென்று மாறித் தானியமோ, அளவு மிஞ்சிய பாலோ, நீர்ச்சத்து மிகுந்த இளம்புல்லோ ஏராளமாக வயிற்றில் சேர்ந்தால், ஜீரணமாகாத மாவும் சர்க்கரையும் குடலுக்குள் இறங்குகின்றன. அவற்றை உண்டு அக்கிருமி சில மணி நேரத்திற்குள் கோடிக்கணக்காகப் பெருகி ஒரு விஷத்தைக் கக்குகிறது. அவ்விஷம் குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து மூளையையும் மூத்திரக்காய்களையும் தாக்குகிறது. எந்தக் குட்டி அதிகம் தின்றதோ அதற்கே விஷமும் அதிகம். கொழுத்த குட்டி முதலில் சாவதன் இரகசியம் இதுவே. கன்னி ஆடுகளில் இரட்டைக் குட்டி சாதாரணம். ஆனபடியால் பால் பங்கிடப்படுகிறது. ஒற்றைக் குட்டியாய்ப் பிறந்து இரு காம்பையும் தானே குடித்து வளர்வதற்குத்தான் ஆபத்து மிகுதி.

வியாதியின் மிகக் கடுமையான வகையில் அடையாளம் காண்பதற்கே அவகாசமிராது. மாலையில் மேய்ந்தது காலையில் மாண்டு கிடக்கும். சற்று அவகாசம் கிடைக்கும்பொழுது, குட்டி திடீரென்று வலி பொறுக்காமல் உரக்கக் கதறும், துள்ளி விழும், தலை முதுகுப்புறமாகப் பின்னுக்கு வளையும், கால்கள் நீந்துவது போல அடித்துக்கொள்ளும். வெள்ளாடுகளில் இதனோடு நீராகவும் சளியும் இரத்தமும் கலந்தும் கழிச்சல் உண்டாவது சகஜம். செம்மறிக் குட்டியில் கழிச்சல் அவ்வளவாகக் காண்பதில்லை. இந்நிலையை அடைந்த குட்டி பெரும்பாலும் ஒரு நாளைக்குள் இறந்துவிடும். கழிச்சல் மட்டும் கண்டு, வலிப்பு வராமல் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் குட்டிகளே சிகிச்சைக்கு இணங்குகின்றன.

சிகிச்சையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. வலிப்புக் கண்ட குட்டியைப் பிழைக்க வைக்கும் வீட்டு மருந்து எதுவும் இல்லை. கால்நடை மருத்துவர் உடனே வந்தால் கிருமியை அடக்கும் ஊசியும், இரத்தக்குழாய் வழியே நீரும் செலுத்துவார். சில பிழைக்கும், பல பிழைக்கா. ஆகையால் முதல் குட்டி விழுந்த அதே வேளையில் செய்ய வேண்டிய பெரிய காரியம் மற்றக் குட்டிகளைச் சார்ந்தது. தானியத்தையும் தவிட்டையும் அன்றே நிறுத்த வேண்டும். இளம்புல்லிலிருந்து மந்தையை விலக்கி, உலர்ந்த கடலைக்கொடியோ வைக்கோலோ போட வேண்டும். மடி பெருத்த தாயின் பாலில் ஒரு பகுதியைக் கறந்துவிட்டுப் பிறகு குட்டியை விட வேண்டும். இதனால் இரண்டொரு நாளில் மரணம் நின்றுவிடுவது உண்டு.

அறுவடையான வயல்களில் கிடை போடச் செய்யும் நிலச்சுவான்தார்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். கிடையினால் எருவைப் பெறுபவர் அவர்கள். குட்டியை இழப்பவனோ கீதாரி. கதிர் உதிர்ந்து மிகுதியாய்க் கிடக்கும் வயலில் பசித்த மந்தையை நேராக இறக்கும்படி வற்புறுத்தலாகாது. முதல் மூன்று நாட்கள் தழையோ உலர் தீவனமோ தின்ற பின் சிறிது நேரம் மட்டும் விட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுவதே முறை.

தானியமும் விருந்துச் சோறும்

துள்ளுமாரியுடன் எளிதில் மயங்கக்கூடியது அமில அஜீரணம். கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் கொல்லையில் கொட்ட, ஆடுகள் வயிறு முட்டத் தின்னும். சில மணி நேரத்தில் வயிறு கனத்து, பல்லை நறநறவென்று கடித்து, அசை போடாமல் நிற்கும். பிறகு புளிப்பு நாற்றமுள்ள கழிச்சல் உண்டாகித் தள்ளாடும். வலிப்பும் கதறலும் சாதாரணமாக இரா. சமையல் சோடாவை உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 கிராம் வீதம், அதாவது 10 கிலோ எடையுள்ள குட்டிக்கு 10 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், ஆரம்பத்திலேயே கொடுக்கப்படுமாயின், நல்ல குணம் தெரியும். படுத்துவிட்ட ஆட்டிற்கு இது போதாது. மருத்துவர் உதவி வேண்டும். அன்னதானம் நடக்கும் கோயில்களின் அருகே ஆடு வளர்ப்போர் பண்டிகை நாட்களில் ஆடுகளைக் கட்டி வைப்பது மேல்.

வயிற்றுப் பொருமலில் இடது விலாப் பள்ளம் மறைந்து மத்தளம் போல் ஒலிக்கும். குட்டி மூச்சுத் திணறும். பச்சைத் தட்டைப்பயற்றுக் கொடி, குதிரைமசால் முதலியவற்றைப் பனி ஈரத்துடன் தின்றதே பெரும்பாலும் காரணம். முன்னங்கால்களை உயரமான இடத்தில் நிறுத்தி, இடது விலாவைத் தேய்த்து, கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 30 மில்லி லிட்டர் புகட்டினால் நுரை உடைந்து ஏப்பம் வெளியாகும். ஊசியாலும் கத்தியாலும் விலாவில் குத்தும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அக்காரியம் மருத்துவருக்கே உரியது.

மருந்து புகட்டும் முறை

வியாதியினால் சாவதைத் தவிர, புகட்டிய மருந்து சுவாசப்பைக்குள் போய்ச் சாகும் குட்டிகளும் குறைவல்ல. குட்டியின் மூக்கு அதன் கண் மட்டத்திற்கு மேல் உயரலாகாது. நாக்கைப் பிடித்து இழுக்கலாகாது. கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பின்னரே மறுபடி விட வேண்டும். இருமினால் உடனே தலையைத் தாழ்த்தி விட்டுவிடுக. தலை நிமிர்த்த முடியாமல் கிடக்கும் குட்டிக்கும் வலிப்புள்ள குட்டிக்கும் வாய் வழியாக எதையும் கொடுத்தலாகாது. வாய் குளிர்ந்த குட்டியை முதலில் சாக்கிலும் கம்பளியிலும் சுற்றி, வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் பொதிந்து அருகில் வைத்துச் சூடேற்றிய பிறகே பால் தர வேண்டும்; குளிர்ந்த வயிறு பாலை ஏற்காது.

கழிச்சலுக்கு முதல் மருந்து நீரே. காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கரைத்து, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை 50 முதல் 100 மில்லி லிட்டர் வரையில் குட்டியின் பருமனுக்குத் தக்கபடி கொடுத்து வர வேண்டும். பாலை முழுவதும் நிறுத்திவிட வேண்டாம். உப்புச் சர்க்கரை நீருக்கும் பாலுக்கும் இடையே சிறிது நேரம் விட்டால் போதும். மருந்துக் கடையில் மனிதருக்கென்று விற்கும் மாத்திரைகளை உடைத்துப் போடுவதால், அசை போடும் பிராணியின் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளும் மடிந்து, வயிறு அடியோடு நின்றுபோவதுண்டு.

இளஞ்சோளமும் பிற விஷங்களும்

மழை தவறி வாடிய இளஞ்சோளமும், அறுவடைக்குப் பின் அடியிலிருந்து வெடித்த மறுதாம்பும் மந்தைக்கு யமனாவதைக் கரிசல் நிலத்தார் நன்கறிவர். சுமார் இரண்டு அடி உயரம் வளரும் வரையில் சோளப்பயிரில் விஷத்தைப் பிறப்பிக்கும் சத்து அதிகம். வாடிய பயிரில் இன்னும் அதிகம். தின்ற கால் மணி முதல் சில மணிக்குள் மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், தள்ளாடி விழும். இமையின் உட்புறம் இரத்தச் சிவப்பாயிருக்கும். ஒரே வேளையில் சிறிதும் பெரிதுமாகப் பல ஆடுகள் விழுமானால் வியாதியென்று கருதாமல் இவ்விஷத்தையே சந்தேகிக்க வேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு. இரத்தக்குழாயில் ஊசி மூலம் மருத்துவர் செலுத்த வேண்டும். நேரம் தவறினால் பயனில்லை. விழாத ஆடுகளை ஓட்டாமல், விரட்டாமல், மெதுவாகக் கொல்லையிலிருந்து வெளியேற்றுக. மரவள்ளித் தழையும் கிழங்குத் தோலும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பூத்து முதிர்ந்த பின் அறுத்து நன்றாக உலர்த்திய சோளத்தட்டில் பயம் குறைவு.

தொத்து வியாதிகள்

ஆட்டுக்கொல்லி நோய் ஒரே இரவில் கொல்வதில்லை. ஆயினும் ஒரு குட்டியுடன் நிற்காமல் ஊரையே சுற்றி வருவதால் அதை இங்கே கூறாமலிருக்க முடியாது. 1942-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இவ்வியாதி, இந்தியாவில் 1987-ஆம் ஆண்டில் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மாடுகளைக் கொன்று வந்து, 2011-ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோய்க்கு இது நெருங்கிய உறவுடையது. 104 முதல் 106 டிகிரி வரை காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் முதலில் நீராகவும் பின்பு சீழாகவும் ஒழுக்கு, வாய்க்குள் தவிடு ஒட்டியது போன்ற புண், பிறகு நாற்றமுள்ள கழிச்சல், இருமல் என்று வரிசையாக வரும். துள்ளுமாரியில் மூக்கொழுக்கும் வாய்ப்புண்ணும் இல்லை என்பதே பெரிய வித்தியாசம். சந்தையில் வாங்கிய ஆட்டை 3 வாரம் தனியே கட்டி வைத்துப் பிறகு பட்டியில் சேர்ப்பவர்களுக்கு இவ்வியாதியால் நஷ்டம் மிகக் குறைவு. ஆனால் அப்படிச் செய்பவரும் மிகக் குறைவு.

அடைப்பான் என்பது தனியே எச்சரிக்கத்தக்கது. திடீரென்று மாண்ட ஆட்டின் மூக்கு, வாய், மலத்துவாரம் இவற்றிலிருந்து உறையாத கறுத்த இரத்தம் வடிந்திருக்குமானால், அதைத் தோலுரிக்கவோ வயிற்றைக் கீறவோ கூடாது. காற்றுப்பட்ட இரத்தத்தில் இக்கிருமி உறையிட்டுக்கொண்டு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், மனிதரையும் கொல்லும். உடலை இழுத்துச் செல்லாமல் கிடந்த இடத்திற்கு அருகிலேயே ஆறடி ஆழம் வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சாகும் தறுவாயிலுள்ள ஆட்டைப் பாதி விலைக்குக் கசாப்புக்காரரிடம் தள்ளிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நஷ்டம் குறைகிறதென்று எண்ணி, அயலான் வீட்டுச் சட்டியில் விஷத்தை வைப்பதே அது.

கிராம அதிகாரிகள் அறியவேண்டியது: பிராணிகளின் தொத்து வியாதிகளைத் தடுப்பதற்கான 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, அட்டவணையிலுள்ள வியாதி தன் பிராணிக்கு உண்டாயிருப்பதாக நம்பும் உடையவன் அதைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பிலுள்ளவருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவன். தகவல் பெற்றவர் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஆட்டுக்கொல்லியும் அடைப்பானும் அவ்வட்டவணையில் அடங்கியவை. "ஆடுதானே" என்று விட்டுவிடாமல், ஒரே வாரத்தில் ஓர் ஊரில் காரணம் தெரியாமல் இரண்டு மூன்று குட்டிகள் மாண்டாலே அறிவிப்பது உத்தமம். துள்ளுமாரியில் மாண்ட உடல் வெகு சீக்கிரம் அழுகிவிடும். சில மணிக்குள் மருத்துவர் அறுத்துப் பார்த்துக் குடலிலுள்ளதைச் சோதனைக்கு அனுப்பினால்தான் வியாதி நிச்சயப்படும். தமிழ்நாட்டில் 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்குச் சொன்னால் கால்நடை அவசர ஊர்தியை வரவழைக்கலாம்.

தடுப்பூசி

துள்ளுமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் முறை போட்டுக்கொள்ளும் ஆட்டிற்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரு தடவை போட வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பின்பு ஆண்டுதோறும் மழைக்கு ஒரு மாதம் முன்னதாக, அதாவது வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஜில்லாக்களில் ஆவணி அல்லது புரட்டாசியில், போட வேண்டும். வெள்ளாட்டின் உடம்பில் இப்பாதுகாப்பு செம்மறியைப் போல் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலால் தானியம் அதிகமாகப் போட்டு வளர்க்கும் பட்டிகளில் ஆண்டிற்கு இரு முறை போடுவது பற்றி மருத்துவரைக் கலந்துகொள்க. சினையாட்டிற்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பாலின் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு இறங்கும். அச்சீம்பாலைக் கெட்ட பாலென்று கறந்து கொட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த ஒரு மணிக்குள் குட்டி அதைக் குடிக்க வேண்டும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆட்டுக்கொல்லி ஊசி, குட்டி நான்கு மாதம் நிறைந்ததும் ஒரு தடவை போட்டால் மூன்று ஆண்டு வரையில் காக்கும்.

ஊசி மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுவர வேண்டியிருப்பதால், நான்கு ஆட்டிற்காக ஒரு நாள், ஐந்து ஆட்டிற்காக மறுநாள் என்று வரச் சொல்வது இயலாது. ஊரிலுள்ள மந்தைகளின் எண்ணிக்கையை ஆடி மாதத்திலேயே கிராம அதிகாரி எழுதிக் கால்நடை மருந்தகத்திற்கு அனுப்பி, நாள் குறித்துக்கொண்டு, முதல் நாள் மாலையில் தமுக்கடித்து, விடியற்காலையில் ஆடுகள் மேய்ச்சலுக்குப் புறப்படுமுன் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கூட்டிவைக்கட்டும். நோயுற்றும் மெலிந்தும் இருப்பவற்றை அன்று தனியே நிறுத்தி மருத்துவருக்குக் காட்டுக.